மலையில் நீர், அடிவாரத்தில் கட்டி

தை மாதக் காலைகளில் ஏற்காட்டின் கரடியூர்ப் பக்கம் தலைக்கு எண்ணெய் வைப்பதென்றால் புட்டியை முதலில் வெயிலில் நிறுத்த வேண்டும். அவசரக்காரர்கள் அடுப்போரம் வைப்பார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்குக் கீழே போனால் வெள்ளையாக உறையும். கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் குளிர்கால விடியலில் பாதரசம் 13, 14 வரை இறங்கிவிடும் என்பதால் எண்ணெய் உறைவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கீழே 278 மீட்டரில் இருக்கும் சேலத்தில் அதே புட்டி ஆண்டின் பெரும்பகுதி நீராகவே கிடக்கும். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலைக்காரர்களின் கணக்கு. அதன்படி இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் எட்டு டிகிரி வித்தியாசம்.

இந்த எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிக் குப்பியை வைப்போம். அதற்குள் இருப்பது ஐந்தில் நான்கு பங்கு சுத்தமான தண்ணீர், ஒரு பங்கு போலாக்சமர் 407 என்ற வெள்ளைத் தூள். மருந்தியல் கல்லூரி ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் சரக்குதான். கரடியூரில் 18, 19 டிகிரி காட்டும் ஒரு முற்பகலில் இந்தக் குப்பி கண்ணாடி போல் தெளிந்து, சாய்த்தால் சாய்ந்த பக்கம் ஓடும். எண்ணெய்ப் புட்டியோ கல்லாக நிற்கும். இரண்டையும் வண்டியில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறக்குவோம். அங்கே 27 டிகிரி. எண்ணெய் உருகிவிட்டது. கூட வந்த கரைசல் உறைந்துவிட்டது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. மறுபடி மேலே கொண்டுபோனால் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் இதே கதைதான்.

பயணம் கற்பனை, எண்கள் கற்பனை அல்ல. இருபது சதவீதப் போலாக்சமர் 407 கரைசல் கட்டியாகும் இடம் இருபதுகளின் தொடக்கத்திலிருந்து 25 டிகிரிக்குள். சரக்கின் தூய்மையைப் பொறுத்து ஒன்றிரண்டு டிகிரி முன்பின் ஆகும். தேங்காய் எண்ணெய் உருகும் இடமும் ஏறக்குறைய அதுவேதான். ஒரே வெப்பநிலையை ஒன்று உருகக் கடக்கிறது, இன்னொன்று உறையக் கடக்கிறது. இரண்டுக்கும் வேதியியல் உறவு எதுவும் கிடையாது. எண்கள் பொருந்தியது தற்செயல். ஆனாலும் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில டிகிரிகளுக்குள் இந்த முழு நாடகமும் நடந்து முடிந்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதைப் பார்க்க உலையும் வேண்டாம், திரவ நைட்ரஜனும் வேண்டாம். மலைப்பாதை போதும்.

எண்ணெய் உறைவதை நம்மால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். சூடு குறையக் குறைய மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்குகிறது, அடங்கியவை அடுக்காகப் படிகின்றன. சூடு கொடுத்தால் ஆட்டம் கூட வேண்டும், அடுக்கு கலைய வேண்டும். போலாக்சமர் இந்த நியாயத்தைத் தலைகீழாக்குகிறது. சூடு கொடுத்தால் அடுக்கு உண்டாகிறது. இது எப்படி நியாயமாகும்?

விடை அந்தத் தூளின் மூலக்கூறு கட்டப்பட்ட விதத்தில் தொடங்குகிறது. பாலிமர் என்றால் ஒரே மாதிரிக் கண்ணிகள் நூற்றுக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. போலாக்சமரில் இரண்டு வகைக் கண்ணிகள் உண்டு. அவை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து வருவதில்லை. முதலில் ஒரு வகை நூறு, அடுத்து இன்னொரு வகை அறுபத்தைந்து, பிறகு மறுபடி முதல் வகை நூறு என்று தொகுதி தொகுதியாக வரும். இப்படிக் கோத்த சங்கிலிக்குப் பிளாக் கோபாலிமர் என்று பெயர். இரு முனைகளிலும் இருப்பது எத்திலீன் ஆக்சைடு கண்ணிகள், நடுவில் இருப்பது புரொப்பிலீன் ஆக்சைடு கண்ணிகள். இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. நடுத்தொகுதியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் குழு ஒன்று கூடுதலாகத் தொங்குகிறது, அவ்வளவுதான். அந்தச் சின்னத் தொங்கல்தான் முழுக் கூத்துக்கும் காரணம்.

407 என்ற எண்ணிலேயே செய்முறைக் குறிப்பு இருக்கிறது. முதல் இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கினால் நடுத்தொகுதியின் ஏறத்தாழ மூலக்கூறு எடை, 4,000. கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் முனைத்தொகுதிகளின் பங்கு, 70 சதவீதம். முழுச் சங்கிலியின் எடை பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். இதே குடும்பத்தில் 188, 338 என்று அண்ணன் தம்பிகள் பலர் உண்டு. நடுத்தொகுதியை நீட்டியும் முனையைக் குறைத்தும் வேதியியலாளர்கள் வேண்டிய குணத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் வயன்டாட் நிறுவனம் இந்தக் குடும்பத்தை ப்ளூரானிக் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வாய் கொப்பளிக்கும் நீர், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம், சருமப் பூச்சு என்று இன்று எத்தனையோ பொருட்களின் லேபிளில் பொடி எழுத்தில் இதன் பெயர் இருக்கிறது.

இந்தத் தூளைக் கரைக்கும் விதத்தைப் பார்த்தாலே சங்கதி பாதி விளங்கிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் வெந்நீரில் கொட்டிக் கலக்குவார்கள், சர்க்கரையும் உப்பும் அப்படித்தானே கரைகின்றன என்று. இங்கே அது நடக்காது. தூள் திரண்டு, வெளிப்புறம் பசைத்து, உள்ளே உலர்ந்த உருண்டைகளாக நின்றுவிடும். மேலே நுரை கட்டிக்கொள்ளும். கை பழகியவர்கள் தண்ணீரை முதலில் நான்கைந்து டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி மெதுவாகக் கிளறுவார்கள். பிறகு பீக்கரை மூடி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் விட்டுவிடுவார்கள். காலையில் எடுத்தால் நுரை அடங்கி, உருண்டைகள் கரைந்து, பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். மேசையில் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் ஓரங்களில் இறுக ஆரம்பித்திருக்கும். பீக்கரைத் தூக்கிப் பார்த்தால் சுவரை ஒட்டிய பகுதி அசையாது, நடுப்பகுதி மட்டும் இன்னும் தளும்பும். சூடு வெளியிலிருந்து உள்ளே போகும் வழியைக் கண்ணால் காணலாம்.

குளிரில் கரைவது ஏன்? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருப்பவை. போலாக்சமர் சங்கிலியில் கண்ணிக்கு ஓர் ஆக்சிஜன் அணு உண்டு. தண்ணீர் அதையும் கைப்பிடிக்கும். முனைத்தொகுதிகளைப் பொறுத்தவரை அதோடு விஷயம் முடிந்தது. சாதாரண வெப்பநிலை எதிலும் அவை தண்ணீரை விட்டு விலகுவதில்லை. நடுத்தொகுதியில் மெத்தில் குழு குறுக்கே நிற்கிறது. அது யாரோடும் கைகோக்காத எண்ணெய்த்தன்மை கொண்ட ஆசாமி. அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் பிணைப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குறிப்பிட்ட விதமாக மட்டுமே திரும்பி நிற்க முடியும். சுற்றிலும் அவை வேலி கட்டியது போல ஒழுங்காக நின்றுவிடுகின்றன. குளிரில் இந்த ஏற்பாடு கட்டுப்படியாகிறது. பதினைந்து டிகிரியைச் சுற்றிய குளிரில் நடுத்தொகுதி மட்டும் தனியாக இருந்தால்கூடத் தண்ணீரில் ஓரளவு கரைந்து நிற்கும்.

சூடு ஏறும்போது கணக்கு மாறுகிறது. வெப்ப இயக்கவியல் சொல்வது இதுதான்: வெப்பநிலை உயர உயர, ஒழுங்கைக் காப்பாற்ற இயற்கை கொடுக்க வேண்டிய விலையும் உயரும். மெத்தில் குழுக்களைச் சுற்றி வேலி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு சங்கிலியிலேயே அறுபத்தைந்து மெத்தில்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பல மூலக்கூறுகள். ஒரு கட்டத்தில் அவை வேலியைக் கலைத்துவிட்டுத் திறந்த தண்ணீருக்குள் போய்விடுகின்றன. தண்ணீர்ப் போர்வை போனதும் நடுத்தொகுதிகள் ஒன்றையொன்று நெருங்கி ஒளிந்துகொள்கின்றன. சங்கிலிகள் ஒழுங்குக்கு வந்தது உண்மைதான். அதைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் தண்ணீர் மூலக்கூறுகள் விடுதலை ஆகிவிட்டன. மொத்தக் கணக்கில் உலகம் இன்னும் கலைந்துதான் போயிருக்கிறது. நாம் சங்கிலியை மட்டும் பார்த்துக்கொண்டு, சூடு கொடுத்தால் ஒழுங்கு வருகிறதே என்று வியக்கிறோம். காரியத்தை நடத்தியது தண்ணீர்.

பாஸ்கலிஸ் அலெக்சாண்ட்ரிடிஸ், ஆலன் ஹாட்டன் முதலானோர் 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வெளியிட்ட அளவீடுகள் இந்தச் சித்திரத்தைக் கணக்காக நிறுவின. சங்கிலிகள் ஒன்றுசேரும்போது கரைசல் வெப்பத்தை வெளிவிடுவதில்லை, உறிஞ்சுகிறது. ஆற்றல் கணக்கில் இது நட்டம். நட்டத்தை ஈடுகட்டுவது விடுபட்ட தண்ணீரின் ஒழுங்கின்மை மட்டுமே.

ஒளிந்துகொள்வது எப்படி என்றும் பார்க்க வேண்டும். நடுத்தொகுதிகள் எல்லாம் உள்ளே திரள, இரு முனைகளும் வெளியே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்க, சில பத்துச் சங்கிலிகள் சேர்ந்து ஓர் உருண்டை ஆகின்றன. இதுதான் மிசெல். குறுக்களவு சுமார் 20 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே மூவாயிரம் நாலாயிரம் மிசெல்களை வரிசையாக நிறுத்தலாம். உள்ளே எண்ணெய்த்தன்மை கொண்ட கரு, வெளியே தண்ணீரை உறிஞ்சி உப்பிய முடிக்கற்றை. முனைத்தொகுதிகள் தண்ணீரை விடாமல் பிடித்திருப்பதால்தான் மொத்தமும் அடியில் படிந்து கசடாகாமல் மிதந்துகொண்டிருக்கிறது.

மிசெல் நமக்குப் புதிய சங்கதி அல்ல. பட்டுச் சேலை அலசப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கிறதே, அதிலுள்ள சாப்போனின்களும் தண்ணீரில் மிசெல் கட்டுபவைதான். சவுக்காரமும் அப்படியே. சவுக்காரக் கரைசலுக்குள் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியவில்லை, கூட்டம் கூட்டமாகத் திரள்கின்றன என்று 1913-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாதிட்டவர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின், கனடாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வேலை பார்த்தவர். அன்றைக்கு அதை நம்பியவர்கள் குறைவு. இதே மெக்பெயின் தன் கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். 1950 ஜனவரி 3-ஆம் தேதி நேரு திறந்துவைத்த புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர் அவர்தான். மிசெலைப் பற்றி எழுதும் தமிழ்ப் பாடநூல்கள் இந்த ஒரு வரியையாவது சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நம் குப்பிக்கு வருவோம். இருபது சதவீதச் செறிவில், பதினைந்து டிகிரியைச் சுற்றிய குளிரிலேயே மிசெல்கள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. அப்படியானால் 19 டிகிரியில் கரடியூரில் பார்த்த அந்தத் தெளிந்த நீருக்குள்ளும் மிசெல்கள் இருந்தன. இருந்தும் அது ஓடியது. உருண்டைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர இன்னும் இடம் இருந்தது. சூடு ஏற ஏற மிச்சமிருக்கும் தனிச் சங்கிலிகளும் மிசெல்களுக்குள் சேர்கின்றன, உருண்டைகளின் எண்ணிக்கை பெருகுகிறது. அவை அடைத்துக்கொள்ளும் இடம் மொத்தக் கன அளவில் பாதியைத் தாண்டும்போது நகர வழியில்லாமல் போகிறது. அப்போது அவை தாறுமாறாக நெரிந்து நிற்பதில்லை. கனசதுரப் படிகத்தில் அணுக்கள் நிற்பது போல வரிசை வரிசையாகத் தங்கள் இடத்தில் நின்றுவிடுகின்றன. பக்கத்து உருண்டைகளின் முடிக்கற்றைகள் ஒன்றோடொன்று உரசி இறுகுகின்றன. கட்டி என்று நாம் கையில் பிடிப்பது இதைத்தான்.

ஜெல் எனப்படும் இந்தக் கட்டியில் ஒரு சங்கிலிக்கும் இன்னொரு சங்கிலிக்கும் நடுவே வேதிப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. ரப்பரில் கந்தகம் கட்டுவது போன்ற முடிச்சு எதுவும் கிடையாது. நெரிசல் மட்டும்தான். எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராக இருந்தும் குப்பியைக் கவிழ்த்தால் விழாமல் நிற்பது அந்த நெரிசலின் பலம். நெரிசல் என்பதால்தான் செறிவு மிக முக்கியம். பதினைந்து, பதினாறு சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு சூடாக்கினாலும் கட்டி ஆகாது, உருண்டைகளுக்கு இடம் மிச்சம் இருக்கும். மறுகோடியிலும் ஒரு கதை உண்டு. இன்னும் பலமாகச் சூடாக்கிக்கொண்டே போனால் வெளி முடிக்கற்றைகளும் தண்ணீரை இழந்து சுருங்கும், உருண்டைகள் சிறுத்து மறுபடி இடம் கிடைக்கும், கட்டி மறுபடி இளகும். ஆகக் குளிரில் நீர், நடுவில் கட்டி, கொதிநிலையை நெருங்கும்போது மறுபடி நீர்.

மிசெல்கள் படிகம் போல அடுக்கி நிற்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, சாதாரண நுண்ணோக்கியும் உதவாது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் கெல் மார்ட்டென்சென் முதலானோர் தொண்ணூறுகளில் நியூட்ரான் கற்றையைக் கரைசலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். இந்தியாவில் அந்த வசதி பம்பாய் டிராம்பேயில் இருக்கிறது. 1985 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் துருவா அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களைச் சிறுகோணச் சிதறல் கருவிக்குள் அனுப்பி, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் எத்தனையோ மிசெல்களின் உருவத்தை அளந்திருக்கிறார்கள். சூரத்தில் தெற்கு குஜராத் பல்கலைக்கழகத்தின் பிரதாப் பகதூர் குழுவினரோடு சேர்ந்து ப்ளூரானிக்குகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் ஏராளம். உப்பைச் சேர்த்தால் மிசெல் கட்டும் வெப்பநிலை இறங்குகிறது, எரிசாராயம் சேர்த்தால் ஏறுகிறது என்பதுபோன்ற விவரங்களையெல்லாம் இத்தகைய உழைப்பு துல்லியமாக்கியது. இந்தச் சோதனைகளில் ஒரு நுட்பம் ரசிக்கத்தக்கது. சாதாரணத் தண்ணீரில் கரைத்தால் பாலிமரின் ஹைட்ரஜனும் தண்ணீரின் ஹைட்ரஜனும் நியூட்ரானுக்குப் பெரிதாக வேறுபட்டுத் தெரியாது. அதனால் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீரில் கரைக்கிறார்கள். டியூட்டீரியத்தின் மேல் நியூட்ரான் பட்டுத் தெறிக்கும் விதம் வேறு. அந்தப் பின்னணியில் மிசெல் பளிச்சென்று தனித்துத் தெரிகிறது.

ஜெல் என்றால் எல்லாமே இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்கே சொந்தமான ஜெல் ஒன்று உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியை நட்டதிலிருந்து ஒவ்வோர் அறுவடைக் காலத்திலும் இந்த மலையில் அது கையில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. பழுத்த காப்பிப் பழத்தைப் பல்ப்பரில் கொடுத்துச் சிவப்புத் தோலை உரித்த பிறகு, கொட்டையைச் சுற்றி ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அது போகாது. அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற தாவரப் பாலிமர். இங்கே நெரிசல் கிடையாது, முடிச்சு உண்டு. பெக்டின் சங்கிலிகளைக் கால்சியம் அயனிகள் அங்கங்கே இணைத்துக் கட்டியிருக்கின்றன. குளிர வைத்தாலும் சூடாக்கினாலும் அது இளகி ஓடிவிடாது. தொட்டியில் ஊறப்போட்டு, நுண்ணுயிரிகளும் நொதிகளும் சங்கிலியை வெட்டும் வரை காத்திருக்க வேண்டும். அராபிகாவுக்கு ஒரு நாள், ஒன்றரை நாள். மேலே குளிர் அதிகம் என்றால் இன்னும் கூட ஆகும். ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்து, வழுக்கல் போய் நறநறவென்று உராய்ந்தால் கழுவிக் களத்தில் பரப்பலாம் என்று அர்த்தம். போலாக்சமர் ஜெல்லைக் கலைக்க ஒரு குவளை ஐஸ் தண்ணீர் போதும். காப்பியின் ஜெல்லைக் கலைக்க ஒரு நாள் முழுக்க உயிர்கள் உழைக்க வேண்டியிருக்கிறது.

ஐஸ் தண்ணீரில் கலைந்துவிடும் அந்தப் பலவீனத்தையே அறுவை சிகிச்சை நிபுணர்கள் பலமாக ஆக்கிக்கொண்டார்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே பைபாஸ் செய்யும்போது தைக்க வேண்டிய இடத்தில் ரத்தம் பீறிடாமல் சில நிமிடம் நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து இடுக்கி போட்டால் ரத்தக்குழாய்ச் சுவர் நசுங்கும். சுத்திகரித்த போலாக்சமர் 407 கரைசலைக் குளிர்ந்த நிலையில் குழாய்க்குள் செலுத்தினால் உடம்புச் சூட்டில் நொடிகளில் கட்டியாகி உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். தையல் முடிந்ததும் தானாகக் கரையும், அவசரமென்றால் குளிர்ந்த சலைன் ஊற்றினால் போதும். லீகூ என்ற பெயரில் வந்த இந்த அடைப்பானுக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே, 1972-இல், இர்விங் ஷ்மோல்கா என்ற வேதியியலாளர் தீக்காயத்தின் மேல் ஊற்றினால் தோல் போல் படிந்து நிற்கும் பூச்சாக இதைப் பரிந்துரைத்திருந்தார். புண்ணைத் தொடாமல் ஊற்றலாம், கழுவ வேண்டுமென்றால் குளிர்ந்த நீர் விட்டால் வலியில்லாமல் போய்விடும். பழைய குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்தமான பயன் அதுதான்.

மாட்டுக்கும் இந்தக் குடும்பம் உதவியிருக்கிறது. இளசான குதிரை மசாலை மாடு வயிறு முட்டத் தின்றுவிட்டால் உள்ளே காற்று நுரையாகக் கட்டிக்கொண்டு வயிறு உப்பிவிடும். ஏப்பமாக வெளியேற வழியிருக்காது, கவனிக்காமல் விட்டால் மாடு செத்தும் போகும். நம் ஊரில் எண்ணெயைப் புகட்டுவார்கள். அமெரிக்காவில் போலாக்சலீன் என்று ஒன்றைத் தீவனத்தில் கலக்கிறார்கள். அதுவும் இதே எத்திலீன் ஆக்சைடு, புரொப்பிலீன் ஆக்சைடு தொகுதிச் சங்கிலிதான். நுரைப் படலத்தில் போய் உட்கார்ந்து அதை உடைத்துவிடும்.

மிசெலின் கருவுக்குள் மருந்தை ஒளித்துவைக்கும் யோசனைக்கு நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. பேக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரைவதில்லை. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுத்த இந்த மருந்தை ஊசியில் ஏற்ற, ஆமணக்கு எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுத்த கிரெமோஃபோர் என்ற பொருளில் கரைத்துத்தான் கொடுத்துவந்தார்கள். ஏத்தாப்பூரில் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது அறிமுகமான பயிர்தான். எண்ணெய் மருந்தைக் கரைத்துக் கொடுத்தது சரி. அதுவே பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியதால், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் அமர்நாத் மைத்ரா உருவாக்கிய நானோ பாலிமர் உத்தியை டாபர் ஆய்வு அமைப்பு மேலும் வளர்த்து, நானாக்செல் என்ற பெயரில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு வகைக் கண்ணிகளின் கோபாலிமர் உருண்டைக்குள் மருந்து உட்கார்ந்திருக்கும், கிரெமோஃபோர் வேண்டாம். ஏறக்குறைய அதே காலத்தில் தென் கொரியாவும் ஜெனெக்சால்-பி.எம். என்ற பாலிமர் மிசெல் பேக்லிடாக்செலுக்கு அனுமதி கொடுத்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, கண்ணில் சொட்டாக விட்டால் உடனே கட்டியாகி மணிக்கணக்கில் மருந்தை மெல்ல விடும் சொட்டுமருந்து ஏன் ஊருக்கு ஊர் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். ஆய்வுக் கட்டுரைகளில் அப்படிப்பட்ட சூத்திரங்கள் குவிந்துகிடக்கின்றன. சிக்கல் இரண்டு. முதலாவது கண்ணீர். நெரிசலால் மட்டும் நிற்கும் கட்டி என்பதால் கண்ணீர் கலந்து செறிவு பதினைந்து சதவீதத்தை நெருங்கியதும் அது இளகிக் கரைந்து போய்விடும். இரண்டாவது சிக்கலை நம் ஊர் வெயிலைச் சேர்த்துத்தான் பேச வேண்டும். கண்ணின் மேற்பரப்பு சுமார் 34 டிகிரி. சொட்டுமருந்து புட்டியில் நீராக இருக்க வேண்டும், கண்ணைத் தொட்டதும் கட்டியாக வேண்டும். அறையில் 22 டிகிரி நிலவும் நாட்டில் இதற்கு நடுவே பத்துப் பன்னிரண்டு டிகிரி இடைவெளி இருக்கிறது. போலாக்சமர் 188-ஐக் கொஞ்சம் கலந்து கட்டியாகும் இடத்தை 30-க்கு மேலே தள்ளிவைத்தால் வேலை முடிந்தது. மே மாதச் சேலத்தில் மருந்துக்கடை அலமாரியே 38 டிகிரியைத் தொடும். புட்டி கண்ணுக்கு வருவதற்கு முன்பே உள்ளுக்குள் கட்டியாகி, அழுத்தினால் சொட்டு வராமல் நிற்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அந்த மருந்துக்கு உபயோகமே இல்லை. கரடியூர்க்காரருக்கு ஆண்டில் பல மாதம் அது ஒழுங்காக வேலை செய்யும், அவர் தம்பி சேலத்தில் இருந்தால் அவருக்குச் செய்யாது.

சமவெளி இந்தியாவுக்குச் சூட்டை நம்பும் ஜெல் கண்மருந்து ஒத்துவராது என்பது என் எண்ணம். வெப்பநிலையை விட்டுவிட்டுக் கண்ணீரில் உள்ள உப்புகளைத் தூண்டுகோலாக எடுத்துக்கொண்டவர்கள்தான் இதில் முன்னே போயிருக்கிறார்கள். கண் அழுத்தத்துக்கான டிமோலால் மருந்தை ஜெல்லான் என்ற நுண்ணுயிர்ப் பாலிமரில் சேர்த்த சொட்டு பல ஆண்டுகளாகச் சந்தையில் இருக்கிறது. புட்டிக்குள் அயனிகள் குறைவு என்பதால் அது நீராக இருக்கிறது. கண்ணீரின் சோடியத்தைத் தொட்டதும் சங்கிலிகள் பிணைந்து கட்டியாகிறது. அலமாரி 20 டிகிரியில் இருந்தால் என்ன, 38-இல் இருந்தால் என்ன, அது பார்ப்பது உப்பை மட்டும்.